சமையலறைக்கு அளவெடுத்த மாடித்தோட்டம்

ஒரு நாள் சமையலுக்குத் தேவைப்படும் பச்சைப் பொருள்களை எழுதிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறிய அளவில் வேண்டியிருப்பவை என்பது விளங்கும். காலைச் சட்னியைத் தாளிக்க இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை, ரசத்தை இறக்கும்போது தூவ ஒரு பிடி கொத்தமல்லித் தழை, மோரில் கிள்ளிப் போட ஒரு பச்சை மிளகாய், துவையலுக்குக் கொஞ்சம் புதினா என்று அந்தக் கணக்கு நீளும். கடையில் இவை அந்த அளவில் கிடைப்பதில்லை. கட்டாக வாங்கிய கொத்தமல்லியில் பாதி நான்காம் நாளே கறுத்து நீர்விட்டுக் குப்பைக்குப் போகிறது. காய் வாங்கும்போது கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலை மறுநாள் வாடிவிடுகிறது. இந்தச் சிறு அளவுகளை முன்னிறுத்தித் தோட்டத்தை அமைத்தால்தான் அது அன்றாடச் சமையலுக்கு உண்மையாக உதவும் என்பதே, தாம்பரத்துக்கு அருகே எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பல ஆண்டுகளாகச் செடி வளர்த்துவரும் எனக்குக் கிடைத்த முதன்மையான பாடம்.

2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, எங்கள் தெருவில் பலர் தக்காளி விதை தேடி அலைந்தார்கள். விதைத்து, நாற்றாக்கி, பிடுங்கி நட்டு, முதல் பழம் பறிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்குள் சந்தையில் விலை இறங்கிவிடும். விலையைத் துரத்திக்கொண்டு பயிர் செய்வது சிறு மாடிக்குப் பொருந்தாது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வாரந்தோறும் தேவைப்படும் தக்காளியையும் வெங்காயத்தையும் மாடியில் விளைவித்துவிட முடியும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் அதே குடும்பத்துக்கு வேண்டிய கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய் ஆகியவற்றை ஏறத்தாழ முழுமையாகவும், வாரம் இரண்டு முறை கீரையையும், பருவத்தில் கொத்தமல்லியையும், அவ்வப்போது ஒரு பொரியலுக்கான காயையும் இருநூறு சதுர அடியில் எடுத்துவிடலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதில் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக 2015ஆம் ஆண்டு கேரளம் கேள்வி எழுப்பியபோது, கறிவேப்பிலையும் பேச்சில் அடிபட்டது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா மூன்றும் இலையாகவே உண்ணப்படுபவை. உரித்துவிட்டுச் சாப்பிடத் தோல் கிடையாது. கொத்தமல்லியையும் புதினாவையும் பெரும்பாலும் பச்சையாகவே அரைக்கிறோம். எனவே மருந்தில்லாமல் வளர்த்து உண்ண வேண்டியவற்றின் வரிசையில் இவையே முதலில் நிற்க வேண்டும். சுரைக்காயும் பூசணியும் பிறகு வரட்டும்.

பைகளையும் விதைகளையும் வாங்குவதற்கு முன், சில வாரங்களுக்கு வீட்டில் என்ன சமைக்கப்படுகிறது என்பதைக் குறித்துவைப்பது நல்லது. எங்கள் வீட்டுக் குறிப்பில் கறிவேப்பிலை ஒவ்வொரு நாளும் இருந்தது. பச்சை மிளகாய் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இருந்தது. குடைமிளகாயும் முட்டைக்கோசும் மாதத்துக்கு ஒருமுறை கூட வரவில்லை. அந்தக் குறிப்பைப் பார்த்தபின் எதற்கு எத்தனை பை ஒதுக்குவது என்ற குழப்பமே எழவில்லை. விதைக்கும் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமும் கடுகும் முளைக்கும். வறுக்காத மல்லி விதை முளைக்கும். முளைவிட்ட இஞ்சியும் பச்சை மஞ்சளும் சேப்பங்கிழங்கும் மண்ணுக்குள் வைத்தால் துளிர்க்கும். சந்தையில் வாங்கும் புதினாக் கட்டு, பொன்னாங்கண்ணிக் கட்டு, கொடிப்பசலை ஆகியவற்றின் முற்றிய தண்டுகளே நடவுக்குப் போதும். இப்படித் தொடங்கும்போது செலவு மண்ணுக்கும் பைக்கும் மட்டுமே ஆகிறது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளைகளில், அதாவது தொகுப்புகளில், பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் ஆகியவை சேர்ந்தே வருவதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அதற்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

இடத்தைப் பற்றி முதலில் எண்ண வேண்டியது எடை. ஒரு கன அடி ஈர மண் 45 கிலோவுக்கு மேல் இருக்கும். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பிய தொட்டிகளை மாடியின் நடுவில் வரிசையாக வைப்பது கட்டடத்துக்கு நல்லதன்று. கனமான தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வைத்து, நடுப்பகுதியை எடை குறைந்த பைகளுக்கு விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் செங்கல் மீதோ இரும்புத் தாங்கி மீதோ தூக்கிவைத்தால், தரையில் ஈரம் தேங்காது. தளம் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் முடியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடியில் பைகளிலிருந்து வழியும் மண்ணும் நார்த் தூளும் அந்தக் குழாய்க்குள் இறங்கினால் கீழேயுள்ள வடிகட்டி அடைத்துக்கொள்ளும். குழாயின் வாயில் மெல்லிய கம்பி வலையைப் பொருத்தி, ஐப்பசிக்கு முன் அதைச் சுத்தம் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வெயில் எங்கே எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதையும் பருவத்துக்குப் பருவம் கவனித்தாக வேண்டும். மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும்; புதினா, வல்லாரை, கொத்தமல்லி ஆகியவை காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடத்தில் நன்றாக இருக்கும். எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் அப்படிப்பட்ட இடம்; அது முழுவதும் புதினாவுக்கும் வல்லாரைக்கும் உரியது.

மண்கலவையில் கவனம் செலுத்தியவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நான் பயன்படுத்துவது ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மட்கிய சாணமோ மண்புழு உரமோ கலந்த கலவை. பைக்கு இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கும் சேரும். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்தால் எழுபது லிட்டர் அளவுக்கு விரியும். அதில் இயல்பாகவே உப்பு இருப்பதால், ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசிய பின்பே கலக்க வேண்டும். நாற்று நட்டவுடன் இலை ஓரம் கருகுவதற்கு அலசாத நார்க்கழிவு ஒரு பொதுவான காரணம். நார்க்கழிவில் ஈரம் நிற்குமே தவிரச் சத்து அதிகம் இல்லை. அதனால் எடை குறையும் என்று அதை மட்டும் நிரப்பிய பைகளில் செடிகள் வெளிறி நின்றுவிடும். கலவையை ஈரப்படுத்தி, வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடி, உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவற்றைத் தூவிப் பத்து நாளாவது நிழலில் விட்டால், அதன்பின் நடும் செடிக்கு வேரழுகல் குறைவாக வருகிறது. ஒவ்வொரு பயிர் முடிந்ததும் பையைக் கொட்டி, வேர்களை அகற்றி, மண்ணைச் சில நாள் வெயிலில் காயவிட்டுப் புதிய மட்கு சேர்த்தால் அதே மண்ணை ஆண்டுக் கணக்கில் பயன்படுத்தலாம்.

இனி, தமிழ்ச் சமையலின் முதல் செடியான கறிவேப்பிலை. தொட்டியில் கறிவேப்பிலை வராது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது வரும், ஆனால் மெதுவாக வரும். மரத்தடியில் முளைத்த பக்கக் கன்றைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகிறது. அதற்குத் தனி வேர் போதிய அளவு இருப்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கறுத்துப் பழுத்த பழங்களைச் சேகரித்து, சதையைக் கழுவி, உடனே விதைப்பதே நம்பகமான வழி. இவ்விதை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பொட்டலத்தில் வரும் பழைய விதையை நம்பக் கூடாது. நாற்றாக வாங்குவதானால், காம்பு செந்நிறமாக இருக்கும் செங்காம்பு வகையைக் கேட்டு வாங்கலாம். காரமடைப் பகுதியில் பெரும் பரப்பில் பயிராகும் இந்த வகையின் மணம் தாளிப்பில் நன்றாகத் தெரியும்.

முதல் ஆண்டு கறிவேப்பிலைச் செடியில் இலை பறிக்காமல் பொறுத்திருப்பது கடினம், ஆனால் அது அவசியம். செடி மூன்றடி உயரத்தை எட்டியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். அதன்பின் இலையை உருவாமல், ஈர்க்கோடு, சில சமயம் சிறு கிளையோடு, கத்தரியால் நறுக்கி எடுக்க வேண்டும். அப்படி நறுக்கிய ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று துளிர்கள் வரும். அன்றாடம் சமையலுக்கு எடுப்பதே அதற்குக் கவாத்து ஆகிவிடுகிறது. பூ வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். காய்க்க விட்டால் இலை சிறுத்துவிடும். எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதை ஊற்றும் தொட்டிகளில் இலைநரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். மண்ணில் காரத்தன்மை ஏறும்போது செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போவதே இதற்குக் காரணம். உப்பு சேராத புளித்த மோரைப் பத்து மடங்கு நீரில் கலந்து வேரில் ஊற்றும் பழைய வழக்கம் இங்கே பயன்படுகிறது. மழைநீர் கிடைக்கும் மாதங்களில் செடி தானாகவே தெளிந்துவிடுகிறது.

இச்செடியின் துளிரைத் தின்ன வரும் புழுக்கள் முதலில் பறவை எச்சம்போல் தோன்றி, வளர்ந்தபின் இலைப் பச்சையாக மாறும். அவை எலுமிச்சைக் குடும்பச் செடிகளை நாடி வரும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். பெரிய செடியாக இருந்தால் நான் அவற்றை விட்டுவிடுகிறேன். இழப்பு சில ஈர்க்குகள்தான். சிறு கன்றில் மட்டும் எடுத்து அருகிலுள்ள எலுமிச்சைச் செடிக்கு மாற்றுகிறேன். துளிரைச் சுருளச் செய்யும் சாறுறிஞ்சிப் பூச்சிகளுக்கு, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் போதும். தெளித்த இலையை ஒரு வாரம் சமையலுக்கு எடுக்க வேண்டாம். கசப்பு குழம்பில் இறங்கும்.

கொத்தமல்லியில் தோல்வி என்று வருந்துபவர்களில் பெரும்பாலோர் அதைச் சித்திரையில் விதைத்தவர்கள். மண் சூடேறினால் மல்லி சரியாக முளைக்காது. முளைத்தாலும் இலை விடுவதற்குள் பூத்துவிடும். சென்னையில் புரட்டாசிக் கடைசியிலிருந்து மாசி வரை அதற்கு நல்ல காலம். ஒவ்வொரு மல்லி விதையும் உண்மையில் இரண்டு விதைகள் ஒட்டிய காய் என்பதால், அதைத் தரையில் போட்டுச் செருப்பால் அல்லது பூரிக்கட்டையால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க எட்டு முதல் பதினைந்து நாள் ஆகும். பொறுமை இழந்து மண்ணைக் கிளறிப் பார்க்கக் கூடாது. ஒரே பையில் எல்லாவற்றையும் விதைக்காமல், அகலமான ஆழம் குறைந்த தொட்டிகள் மூன்றில் பத்து நாளுக்கு ஒன்றாக விதைத்தால், ஒன்று முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும். கோடையில் நான் மல்லி விதைப்பதில்லை. அந்த மாதங்களில் ரசத்துக்குக் கடைக் கட்டுத்தான், அல்லது புதினா.

புதினா எதையும் கேட்காது. ஈரத்தை மட்டும் கேட்கும். சமையலுக்கு வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளைத் தேர்ந்து, கீழ் இலைகளை நீக்கி, கணு மண்ணுக்குள் இருக்கும்படி சாய்வாக நட்டு நிழலில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் வேர் பிடிக்கும். ஓடி ஓடிப் பரவும் செடி என்பதால், ஆழமான பையைவிட அகலமான பழைய பிளாஸ்டிக் தொட்டி அதற்கு ஏற்றது. மற்ற செடிகளோடு சேர்த்து நடக்கூடாது. அவற்றின் வேரை நெருக்கிவிடும். பறிக்கும்போது இலை இலையாகப் பறிக்காமல் இரண்டு கணுவை விட்டுத் தண்டோடு வெட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் புதிய மண்ணில் நட வேண்டும்.

கீரைக்கே என் மாடியில் அதிக இடம். சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று, நான்கு வாரங்களில் பறிப்புக்கு வந்துவிடும், வெந்தயக்கீரையும் அப்படியே. அரைக்கீரை வேறு வகை: வேரோடு பிடுங்காமல் ஒரு சாண் விட்டு அறுத்தால் மீண்டும் மீண்டும் தழையும். தஞ்சை மாவட்டத்தில் கொல்லை வைத்துப் பழகிய என் மாமியார் முதல் அறுப்பின்போது, "அடியிலே கை வைக்காதே அம்மா, அது நமக்கு ஆறு மாசம் சோறு போடும்" என்று சொல்லித் தடுத்தார். அவர் சொன்னபடியே அந்தத் தொட்டி அரை ஆண்டுக்கும் மேலாகக் கீரை கொடுத்தது. கீரை விதை மிகச் சிறியது என்பதால் நான்கு பங்கு மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. தூவிய விதையை எறும்புகள் இழுத்துச் சென்றுவிடும்; தொட்டியைச் சுற்றி அரிசி நொய்யைத் தூவி வைத்தால் அவை அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடுகின்றன. முளைத்தபின் நெருக்கமாக இருப்பவற்றைக் கலைத்துவிட வேண்டும், கலைத்த நாற்றுகளையே முதல் கூட்டில் சேர்த்துவிடலாம். பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் தண்டை நட்டால் போதும் என்பதால், விதைக்கும் கீரைகள் தீர்ந்துபோன இடைவெளிகளை அவை நிரப்பும். ஆறேழு தொட்டிகளை இப்படிச் சுழற்சியில் வைத்தால் வாரம் இரண்டு நாள் கீரை தடையில்லாமல் வரும். ஒரு மசியலுக்கு எவ்வளவு கீரை வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வதங்கினால் கால் பங்காகச் சுருங்கிவிடும் என்பதை நினைவில் வைத்துத் தொட்டியின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காய்களில் என் பரிந்துரை மிளகாயும் கத்தரியும். நன்றாகக் காய்க்கும் நான்கு மிளகாய்ச் செடிகள் ஒரு குடும்பத்துக்குப் போதும். இலை சுருண்டு படகுபோல் மடங்குவதே மிளகாய் வளர்ப்பவர்களின் பெரிய தொல்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேன் என்று வயலில் அடையாளம் சொல்வார்கள். இலைப்பேன் வறண்ட வெப்பத்தில் பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி நீரைப் பீய்ச்சுவதும், வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் தெளிப்பதும், முற்றிலும் சுருண்ட நுனியை வெட்டி அப்புறப்படுத்துவதும் ஆரம்பத்திலேயே தொடங்கினால் பலன் தரும். கத்தரியின் சிறப்பு அதன் ஆயுள். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டி உரமிட்டால் மறுதாம்பாகத் தழைத்து மீண்டும் காய்க்கும். வெண்டைக்கு இந்த வசதி இல்லை. மூன்று நான்கு செடிகள் வைத்தால் ஒரு நாளைக்கு இரண்டு காய் வரும், அதை வைத்து எதுவும் சமைக்க முடியாது. பத்துச் செடிக்குக் குறையாமல் ஒரே நாளில் விதைத்தால்தான் ஒரு பொரியலுக்குச் சேர்ந்தாற்போல் காய் கிடைக்கும். வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அந்தச் செடிக்கு மருத்துவம் கிடையாது, உடனே பிடுங்கிவிட வேண்டும். தக்காளியை ஆவணியில் நாற்றுவிட்டால் குளிர்ந்த இரவுகள் வரும் மார்கழி, தை மாதங்களில் நன்றாகக் காய்க்கும். கோடையில் பூவெல்லாம் உதிரும்.

கொடிக் காய்களில் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிர்கிறது என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். பாகல், பீர்க்கு, புடலை, சுரை ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி; பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண். உயரமான மாடிகளுக்குத் தேனீ வருவது குறைவு என்றால், ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் நாமே தடவிவிட வேண்டும். எப்போது தடவுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பாகலும் பூசணியும் காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும். புடலை இருட்டும் வேளையில் மலரும். சுரைக்குக் காலை ஒன்பது மணிக்குச் சென்று தடவினால் பயன் இல்லை. கொடிகளுக்குப் பந்தல் போடுவதானால் தூண்களைச் சிமெண்டுத் தொட்டியில் ஊன்றிக் கைப்பிடிச் சுவரோடு கட்ட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஊரெங்கும் மரங்கள் சாய்ந்தன. மாடியில் தளர்வாக நிற்கும் எதுவும் அத்தகைய காற்றில் பக்கத்து வீட்டாருக்கு ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்ததும் தொங்கும் தொட்டிகளை இறக்குவதும், நிழல் வலையை அவிழ்ப்பதும், உயர்ந்த செடிகளைத் தரையில் நெருக்கமாகச் சாய்த்துவைப்பதும் தோட்டம் வைத்திருப்பவரின் கடமை.

கற்பூரவள்ளி, தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, மணத்தக்காளி ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பை போதும். இவற்றில் தூதுவளையும் பிரண்டையும் கவனிப்பே கேட்பதில்லை. பிரண்டையை நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் அரிப்பு இராது. முடக்கத்தான் ஒருமுறை காய்த்தால் விதை சிதறி எல்லாப் பைகளிலும் முளைக்கும், அதைத் தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பவர்களுக்கு அது நல்ல செய்தி.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னை லாரி நீருக்காகக் குடங்களோடு காத்திருந்தது. குடிக்க நீரில்லாத ஊரில் செடிக்கு ஊற்றுவது நியாயமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தது. அந்தக் கேள்வி சரியானதே. அந்தக் கோடையில் மாடியில் பாதிப் பைகளை ஓய்வுக்கு விட்டோம். மீதிச் செடிகளுக்குச் சமையலறையில் ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்ட நீரை மட்டுமே கொடுத்தோம்: அரிசி, பருப்பு களைந்த நீர், காய் கழுவிய நீர், முட்டை வேகவைத்து ஆறிய நீர். அறைக் குளிரூட்டியிலிருந்து (ஏசி) சொட்டும் நீரில் உப்பு இல்லாததால் அது செடிக்கு மிக நல்லது. வாளி வைத்துப் பிடித்தால் கோடை இரவுகளில் கணிசமாகச் சேரும். மாறாக, குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு மிகுந்திருக்கும். அதைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தோன்றி இலை நுனிகள் கருகும். பாத்திரம் துலக்கிய சோப்பு நீரையும் உண்ணும் செடிக்கு ஊற்றக் கூடாது.

அந்தக் கோடையிலிருந்து நிலைத்த பழக்கம் மூடாக்கு. காய்ந்த இலை, தேங்காய் நார், கரும்புச் சக்கை என எது கிடைத்தாலும் பையின் மண் தெரியாமல் இரண்டு அங்குலம் பரப்பிவிட்டால், காலையில் விட்ட நீர் மாலை வரை நிற்கும். சித்திரையிலும் வைகாசியிலும் ஐம்பது விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையைக் கட்டுகிறோம். விரலை மண்ணுக்குள் ஒரு கணு அளவு விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டுமே நீர் விடுவது எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும். நகரத்து மாடிச் செடிகள் தாகத்தால் சாவதைவிட அதிக நீரால் வேரழுகிச் சாவதே அதிகம் என்பது நான் கண்ட உண்மை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பையின் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கனமழைக்குப் பின்னும் பார்க்க வேண்டும்.

சமையலறைக் கழிவு இந்தத் தோட்டத்தின் உரக் கிடங்கு. துளையிட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம்களில் காய்த் தோல், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதைவிட அதிகமான காய்ந்த இலையால் மூடிவிடுகிறோம். காய்ந்த இலை குறைந்தால்தான் நாற்றமும் புழுவும் வரும். சமைத்த உணவும் எண்ணெயும் அதில் சேரக்கூடாது. ஒரு டிரம் நிரம்பி மட்கும்போது மற்றது நிரம்பும். சாணம், கோமியம், பால், தயிர், நெய் முதலியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும், கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை லிட்டர் நீருக்கு 30 மில்லி வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிப்பதும் உண்டு. கீரைக்குப் பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுவேன்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, தினமும் காலையில் சமையலுக்குப் பறிக்கப் போகும் கண்ணே சிறந்த காவல். சாறுறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி இருக்கும் செடியில் எறும்பு ஏறும். எறும்பு வரிசையைக் கண்டால் இலையின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்து நீக்கலாம். பொறிவண்டு கண்ணில் பட்டால் எதையும் தெளிக்காமல் அதன் போக்கில் விட்டுவிட வேண்டும், அது அசுவினியைத் தின்று தீர்த்துவிடும்.

விதை சேகரிப்பு கடைசியாகச் செய்யத் தோன்றும் வேலை. ஆனால் அதற்கான முடிவைப் பயிர் நடுவிலேயே எடுத்தாக வேண்டும். நாட்டு ரகமாக இருந்தால், நோயில்லாத செடியின் நடுப்பகுதிக் காய்களில் ஒன்றிரண்டை நூல் கட்டி அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கும் நிலைக்கு வர வேண்டும். கத்தரி மஞ்சளாகிப் பழுக்க வேண்டும். தக்காளி விதையை அதன் சாற்றிலேயே ஓரிரு நாள் புளிக்கவைத்து, வழுவழுப்பு நீங்கிய பின் அலச வேண்டும். வீரிய ஒட்டு (கலப்பின) ரகங்களின் விதை தாய்ச் செடியைப் போலவே வராது என்பதால் அவற்றைச் சேர்ப்பதில்லை. நிழலில் உலர்த்திய விதையைச் சலித்த சாம்பலில் கலந்து கண்ணாடிப் புட்டியில் இட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டி வைக்கிறோம். ஆடி பிறப்பதற்குச் சற்று முன், ஒவ்வொரு புட்டியிலிருந்தும் பத்து விதையை எடுத்து ஈரத் துணியில் முடிந்துவைத்துப் பார்ப்போம். ஏழு எட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைப்போம். ஐந்து ஆறு என்றால் குழிக்கு ஒன்று கூடுதலாகப் போடுவோம். அதற்கும் குறைந்தால் புதிய விதைக்கு ஆள் அனுப்புவோம்.